பழைய குடித்தனக்காரரின் ஆணிகள்

கிளாக்ஸ்விக் துறைமுகத்துக் கடையில்
பழைய கேமரா ஒன்று வாங்கினேன்.
ஷட்டரைப் பாதி அழுத்தினால் ஃபோகஸ் ஆகவில்லை.
முழுக்க அழுத்தினால்
மேகம் மாதிரி ஒரு கடற்காகம்.

கெட்டுப்போனதை என் தலையில் கட்டிவிட்டாய் என்று
மறுநாளே போய்ச் சண்டை பிடித்தேன்.
கடைப்பையன் சூயிங்கம்மை நிறுத்தவில்லை.
கேமராவின் முதுகில் ஒரு பொத்தானைக் காட்டி
"கட்டைவிரல்" என்றான்.
வைத்தேன்.
கூர்மை வந்து உட்கார்ந்தது.
"விற்றவர் மாற்றி வைத்திருக்கிறார்.
பார்க்க ஒரு விரல், எடுக்க ஒரு விரல்."

அதற்கப்புறம்தான் மெனுவுக்குள் இறங்கினேன்,
புதிதாகக் குடிவந்த வீட்டில்
முன்பிருந்தவர் அடித்த ஆணிகளை எண்ணுவதுபோல.

எக்ஸ்போஷர் அரைப்படி அரைப்படியாகத்தான் ஏறியது,
மூன்றிலொரு பங்காக இல்லை.
அவசரக்காரர்,
அல்லது கையுறையைக் கழற்றாமல் சக்கரம் திருப்பியவர்.

சி-ஒன்றில் ஒன்றரைப் படி கூடுதல் வெளிச்சம்.
எதற்கென்று தெரியாமல் அழித்துவிட்டு
குனோய் மலையில் பனி விழுந்த அன்று எடுத்தேன்.
பாத்திரம் கழுவிய தண்ணீர் நிறத்தில் வந்தது மலை.
கேமராவின் மீட்டருக்கு உலகமே சாம்பல்.
வெள்ளையைக் காட்டினால் நம்பாது,
எங்கள் சால்மன் ஆலை மேற்பார்வையாளர்
ஓவர்டைம் சீட்டைப் பார்த்து
"இவ்வளவு இருக்காதே" என்று வெட்டுவாரே, அப்படி.
ஒன்றரையைத் திரும்ப வைத்தேன்.
பனி பனியாயிற்று.

சி-இரண்டு பறவைகளுக்கு.
நொடியை இரண்டாயிரமாக நறுக்கி
ஓடுவதை விடாமல் துரத்தும் ஃபோகஸ்.
வாய்நிறைய மீனோடு இறங்கும் பஃபினின்
இறகை எண்ணலாம்.
இதில் ரகசியமில்லை.
இந்தத் தீவில் யாரும் வைப்பதுதான்.

இன்னொரு பக்கத்தில்
என்னிடம் இல்லாத ஒரு லென்ஸுக்கு
ஃபோகஸை ஏழு புள்ளி நகர்த்தித் திருத்தியிருந்தது.
அளவுகோலைச் சாய்த்து வைத்து
எத்தனை மாலை முன்னே பின்னே பார்த்தாரோ.
லென்ஸைத் தனியாக விற்றாரா,
கொடுக்க மனம் வரவில்லையா.

சி-மூன்றுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது.
ஐ.எஸ்.ஓ. ஆறாயிரத்து நானூறு,
முப்பதில் ஒரு நொடி, அப்பர்ச்சர் முழுக்கத் திறந்து,
நடுவில் ஒற்றைப் புள்ளி.
ஃபோகஸ் கிடைத்ததும் வரும் 'பீப்' இல்லை.
உதவிக்கு வரும் சிவப்பு ஒளி இல்லை.
எடுத்த படம் திரையில் தோன்றாது.
யார் விழித்துவிடக் கூடாதென்று?
பிறந்த குழந்தையா,
வார்டில் கிடந்தவரா.
அசையாதவரை எடுக்க முப்பதில் ஒன்று போதும்,
எடுப்பவர் கை நடுங்காதிருந்தால்.

மே மாதம், இரவு இரண்டு மணி,
பக்கத்துவீட்டு சுன்னுவா கதவைத் தட்டினாள்.
"தலைச்சன் ஈற்று. குட்டி கால் மடங்கி வருது.
டார்ச் பிடிக்க ஆள் வேணும்."
டார்ச்சோடு கேமராவும் தோளில் வந்துவிட்டது.

முழங்கைவரை உள்ளே விட்டிருந்தாள்.
ஒரு கால். மறு கால். பிறகு எல்லாம் ஒரே வழுக்கலில்.
"டார்ச்சை அணை, அதுக்குக் கண் கூசும்" என்றாள்.
தொழுவத்தில் மிச்சம் ஒரு மஞ்சள் பல்பு.
டயலைச் சி-மூன்றுக்குத் திருப்பினேன்.
பன்னிரண்டு படம். தாய் ஆடு
ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து பார்த்தால்
சுன்னுவாவின் மோதிரம் கூர்மை.
வைக்கோல் ஒவ்வொரு தாளும் கூர்மை.
குட்டி மட்டும் கலங்கியிருந்தது,
பன்னிரண்டிலும்.
உடம்பை உதறிக்கொண்டே இருந்ததல்லவா.

எல்லா அமைப்புகளையும் அழிக்கவா என்று
மெனுவின் கடைசியில் ஒரு கேள்வி இருக்கிறது.
வேண்டாம் என்றேன்.
சி-மூன்றில் வேகத்தை மட்டும்
அறுபதில் ஒன்றாக்கினேன், சக்கரத்தில் இரண்டு சொடுக்கு.
படம் கொஞ்சம் இருட்டாகும்.
ஆகட்டும்.